நூற்றெண்பது மடங்கு

போன மாதம் சங்க நூலகத்தில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் என்.சி.சி.யில் சேர்ந்து, துப்பாக்கி சுடுவதில் ஆர்வம் வந்து, இப்போது 50 மீட்டர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறானாம். "சார், தொலைநோக்கி வேண்டும் என்கிறான். கடையில் அறுபது மடங்கு ஒன்று, நூற்றெண்பது மடங்கு ஒன்று இருக்கிறது. விலையில் ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம். பெரியதையே வாங்கிவிடட்டுமா?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்துத் தடுக்காத குறைதான். அந்த நூற்றெண்பதை ஏற்கெனவே வாங்கிப் பார்த்தவன் நான்.

விஷயத்துக்கு வருமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். சினிமாவில் வருவதுபோல் ரைபிளின் முதுகில் தொலைநோக்கியைப் பொருத்திக்கொண்டு சுடுவதற்கு ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் இடமில்லை. 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவும் சரி, கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த நம் இளவேனில் வாலறிவனும் சரி, சிறு துவாரம் வழியாகப் பார்த்துக் குறிவைப்பவர்கள்தாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஆயிரம் கெஜத்துக்குச் சுடும் எஃப்-கிளாஸ் போன்ற போட்டிகளில் ரைபிளிலேயே தொலைநோக்கி உண்டு. நம் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது வேறு. பக்கத்தில் முக்காலியில் நின்று, சுட்ட குண்டு எங்கே பட்டது என்று காட்டும் குழாய். ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பார்கள். துக்ளகாபாதில் உள்ள கர்ணி சிங் மைதானம் போன்ற இடங்களில் மின்னணு இலக்குகள் உண்டு. சுட்டதும் பக்கத்துத் திரையில் புள்ளி தெரிந்துவிடும். சிறிய கிளப்புகளில் இன்னமும் காகித இலக்குதான். அங்கே இந்தக் குழாய் இல்லாமல் முடியாது.

என் சின்ன மகள் அப்படி ஒரு கிளப்பில்தான் பழகினாள். பழைய தில்லியில் ஒரு கடையில் இருபத்துநாலாயிரம் கொடுத்து அவளுக்குத் தொலைநோக்கி வாங்கினேன். பெட்டியின் மேல் '20-180 x 100' என்று கொட்டை எழுத்து. கடைக்காரர் வாசலில் நின்று எதிர்க் கட்டடத்துப் பெயர்ப்பலகையைக் காட்டினார். பிரமாதமாகத் தெரிந்தது. அவர் இருபது மடங்கில் வைத்துக் காட்டினார் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

மகள் அதை வைத்துக்கொண்டு மூன்று மாதம் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 50 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். பாயின்ட் டூ டூ குண்டு போடும் துளை 5.6 மில்லிமீட்டர். அவளுக்குக் குழாயில் தெரிந்தது ஒரு சாம்பல் கலங்கல். பத்தில் பட்டதை ஒன்பதின் இடப்பக்கம் என்று நினைப்பாள். குறிவைப்பானை இரண்டு கிளிக் வலப்பக்கம் திருப்புவாள். அடுத்த குண்டு நிஜமாகவே விலகிப் போகும். காகிதத்தை எடுத்து வந்து பார்த்தால் எல்லாம் சிதறிக் கிடக்கும். "அப்பா, எனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு" என்று அழுதாள். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பார்வையில் குறை ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் தனக்குத்தான் இந்த விளையாட்டு வராது என்ற முடிவுக்கு வந்துவிட்டாள் பெண். குழாயை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. விலை கொடுத்து வாங்கியதாயிற்றே!

கிளப்பில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். அவர்தான் குழாயின் முன்பக்கம் ஓர் அடிஸ்கேலை வைத்து அளந்தார். நூறு மில்லிமீட்டர் என்று போட்டிருந்த லென்ஸ் அறுபதுதான் இருந்தது. பிறகு கண் வைக்கும் பக்கத்தில் டார்ச் அடித்து, முன் லென்ஸ் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தார். ஒளிவட்டம் அதைவிடவும் சிறியதாக விழுந்தது. உள்ளே ஒரு வளையத்தை வைத்து ஓரத்தை மறைத்திருந்தார்கள். இந்த டார்ச் சோதனையைக் கடையிலேயே செய்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

கணக்கு எளிது. முன் லென்ஸின் அகலத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் பருமன் கிடைக்கும். அறுபதை இருபதால் வகுத்தால் மூன்று மில்லிமீட்டர். பகலில் நம் கண்மணியின் திறப்பும் ஏறக்குறைய இரண்டு, மூன்றுதான்; பொருத்தம். அதே அறுபதை நூற்றெண்பதால் வகுத்தால் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்! ஊசித்துளை வழியாகப் பார்ப்பது போல இருண்டு போகும். மடங்கு ஏற ஏற உருவம் பெரிதாகுமே தவிர, லென்ஸ் பிடிக்காத நுணுக்கம் புதிதாக வந்துவிடாது. மங்கலான புகைப்படத்தைப் பெரிதாக்கினால் பெரிய மங்கல்தானே கிடைக்கும்? முன் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மடங்குக்கு மேல் பகலில் பயனில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சுமாரான கண்ணாடியாக இருந்தால் அதில் பாதி.

நமக்கு எவ்வளவு தேவை? 50 மீட்டரை இருபது மடங்கில் பார்த்தால் காகிதம் இரண்டரை மீட்டர் தள்ளி இருப்பது போலத் தெரியும். இரண்டரை மீட்டரில் ஒரு சட்டைப் பித்தானின் பாதியளவு துளை தெரியாதா என்ன? வெள்ளைப் பகுதியில் பட்டால் சட்டென்று தெரியும். சங்கடம் நடுவிலிருக்கும் கறுப்பு வட்டத்தில்தான். கறுப்பில் விழுந்த துளையும் இருட்டு. அங்கே கைகொடுப்பது கறுப்பையும் கரும்சாம்பலையும் பிரித்துக் காட்டும் நல்ல கண்ணாடியும் அதன்மேல் உள்ள பூச்சும்தான். மடங்கு அல்ல. இலக்கின் பின்னால் ஒரு வெளிர் நிற அட்டையைச் செருகி வைப்பதும் உதவும். இதற்குச் செலவே இல்லை. 300 மீட்டருக்குச் சுடுகிறவர்களுக்கு முப்பது மடங்கும், அகலமான முன் லென்ஸும் வேண்டியிருக்கும்.

இன்னொன்று, தில்லி வெயில். ஏப்ரல் பிறந்தால் பத்து மணிக்கே தரையிலிருந்து கானல் எழும்பும். அறுபது மடங்கில் பார்த்தால் இலக்கு தண்ணீருக்குள் நெளிவது போல இருக்கும். ஆயிரம் கெஜக்காரர்கள்கூட வெயில் ஏறினால் மடங்கை இறக்கிக்கொள்வார்கள். ஆனால் இந்தக் கானலும் ஒரு நண்பன் என்று சுபேதார் கற்றுக்கொடுத்தார். குழாயின் குவிப்பை இலக்குக்கு முன்னால், பாதித் தூரத்துக்குக் கொண்டுவந்தால் கானலின் ஓட்டம் தெரியும். வலப்பக்கம் ஓடினால் காற்று வலப்பக்கம் போகிறது. நேராக மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை. இப்படிக் காற்றைப் படிக்க இருபது, இருபத்தைந்து மடங்கே ஏற்றது.

கண்ணாடி அணிபவர்கள் கண் வைக்கும் இடத்திலிருந்து பதினைந்து மில்லிமீட்டராவது விலகி நின்று முழு வட்டமும் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள். படுத்துச் சுடுகிறவருக்குக் கண்பக்கம் நாற்பத்தைந்து பாகை சாய்ந்த குழாய் சௌகரியம்; தலையை மட்டும் திருப்பினால் போதும், தோள் அசையாது. முக்காலிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். காற்றில் நடுங்கும் முக்காலியின் மேல் எத்தனை உயர்ந்த குழாயை வைத்தாலும் வீண். என்னைக் கேட்டால் கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கை முக்காலிக்கே ஒதுக்குவேன்.

கடைசியில் மகளுக்கு வாங்கியது ஒரு பழைய குழாய். மடங்கை மாற்றவே முடியாது. இருபது என்றால் இருபதுதான். அறுபது மில்லிமீட்டர் லென்ஸ். முக்காலியோடு ஒன்பதாயிரம். முதல் நாள் பத்துக் குண்டு சுட்டுவிட்டு, குறிவைப்பானைத் தொடவே இல்லை. "எல்லாம் ஒரே இடத்தில்தான் போகிறது அப்பா, நான்தான் திருப்பித் திருப்பிக் கெடுத்திருக்கிறேன்" என்றாள். அந்த வருஷம் மாநில அணிக்குத் தேர்வாகவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. ஆனால் ரைபிளைக் கீழே வைக்கவில்லை; இன்றும் ஞாயிறுதோறும் போகிறாள்.

நண்பரிடம் ஒரு யோசனை சொன்னேன். அலுவலகத்தில் காகிதத்தில் துளையிடும் பஞ்ச் இருக்கிறதல்லவா? அதன் துளையும் ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர்தான். ஒரு கறுப்பு அட்டையில் நாலைந்து துளை போட்டு, பின்னால் பழுப்புக் காகிதம் ஒட்டி, ஐம்பது தப்படி தள்ளி ஒரு கம்பத்தில் கட்டுங்கள். எந்தக் குழாயில் எல்லாத் துளையையும் எண்ண முடிகிறதோ அதை வாங்குங்கள். அட்டை செய்யச் சோம்பலாக இருந்தால் என்னிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலை நூலகத்துக்கு வந்தால் தருகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும்.