அரை கிரவுண்டும் ஆகாய வெளிச்சமும்

சென்னையில் நடுத்தரக் குடும்பங்கள் வீடு கட்ட வாங்கும் மனைகளில் பல அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி அளவே உள்ளவை. கிரவுண்டு என்பது 2,400 சதுர அடியைக் குறிக்கும் சென்னை வட்டார அளவு. 20 அடிக்கு 60 அடியாகவோ 30 அடிக்கு 40 அடியாகவோ அமையும் இத்தகைய மனையில், விதிப்படி விட வேண்டிய இடத்தை விட்டு, வண்டி நிறுத்தவும் படிக்கட்டுக்கும் இடம் ஒதுக்கிய பிறகு, எஞ்சும் பரப்பில் எத்தனை படுக்கையறைகளை அடக்கலாம் என்பதே வரைபடத்தின் முதன்மையான நோக்கமாகிவிடுகிறது. கேட்ட அறைகள் கிடைத்துவிடுகின்றன, வெளிச்சம்தான் கிடைப்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் ஊரில், புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் பகல் பதினொரு மணிக்கு டியூப் லைட் எரிய வேண்டியிருப்பது அந்த வடிவமைப்பின் தோல்வியே ஆகும்.

இதற்குக் காரணம், ஜன்னல் வைத்தால் வெளிச்சம் வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஓர் அறையின் பகல் வெளிச்சம் ஜன்னலின் அளவை மட்டும் பொறுத்ததன்று. அந்த ஜன்னல் வழியே எவ்வளவு ஆகாயம் தெரிகிறது என்பதையே அது பெரிதும் பொறுத்திருக்கிறது. சிறிய மனையில் பக்கவாட்டில் விடப்படும் சில அடிச் சந்தும், அண்டை வீட்டார் தம் பங்குக்கு விட்ட சந்தும் சேர்ந்து, இரண்டு மாடிச் சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தை உண்டாக்குகின்றன. அதில் தண்ணீர் மோட்டாரும், ஏ.சி.யின் வெளிப்பெட்டியும், கழிவுநீர்க் குழாய்களும் இடம்பிடித்துக்கொள்ள, எதிரே அடுத்த வீட்டின் குளியலறை ஜன்னல் தெரிகிறது. அந்தப் பக்கம் திறக்கும் ஜன்னலுக்குத் திரை போட்டு மூடுவதைத் தவிர வீட்டாருக்கு வேறு வழி இருப்பதில்லை.

பக்கத்திலிருந்து வெளிச்சம் பெற முடியாத இந்த நெருக்கடி தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இருந்த பழைய வீடுகள், ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும் நீண்ட, குறுகிய வீடுகள்; பக்கச் சுவர்களில் ஜன்னல் வைக்க அவற்றில் இடமே கிடையாது. ஆயினும் திண்ணையையும் ரேழி என்னும் இடைகழியையும் கடந்து கூடத்துக்கு வந்தால் வெளிச்சம் இருந்தது. ஏனெனில் வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று விடப்பட்டிருந்தது. வாஸ்து மரபும் மனையின் நடுப்பகுதியைப் பிரம்மஸ்தானம் என்று பெயரிட்டு, அங்கே சுவரோ தூணோ வரலாகாது என்கிறது. சமையலறையின் திசைக்காக வரைபடத்தை நான்கு முறை மாற்றும் குடும்பங்கள் இந்த ஒரு விதியைக் கவனிக்காமல் விடுவது வருந்தத்தக்கது.

முற்றம் என்றதும் செட்டிநாட்டு வீடுகளின் விரிந்த வளவு நினைவுக்கு வருவதால், அரை கிரவுண்டில் அது நடவாத காரியம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 6 அடிக்கு 8 அடி அளவுள்ள ஒரு சிறு முற்றம் 48 சதுர அடியை, அதாவது மனையின் நூற்றில் 4 பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. அதைச் சுற்றிக் கூடம், சாப்பாட்டு இடம், சமையலறை, படிக்கட்டு ஆகியவற்றை அமைத்தால் அந்த ஒரே திறப்பு நான்கு இடங்களுக்கு வெளிச்சமும் காற்றும் தருகிறது. நீண்ட பக்கம் தெற்கு வடக்காக இருக்குமாறு அதை அமைப்பது நல்லது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால் நடுப்பகல் சூரியன் பெரும்பாலும் உச்சியை ஒட்டியே நிற்கிறது. ஆகவே இரண்டு மாடி உயரமுள்ள முற்றத்திலும் மார்ச், செப்டம்பர் மாதங்களின் உச்சி வெயில் தரையைத் தொட்டுவிடும். மார்கழியில் மட்டும் அது வடக்குச் சுவரின் மேல்பாதியோடு நின்றுவிடுகிறது. அந்தச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்தால், அதில் பட்ட ஒளி சிதறி, கண் கூசாத வெளிச்சமாகக் கீழே இறங்கும்.

முற்றத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதன் மூடிதான். மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சி மேலே கண்ணாடியோ பாலிகார்பனேட் தகடோ போட்டு நாற்புறமும் அடைத்துவிட்டால், உள்ளே வந்த வெயிலின் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கி, மேல்மாடி கொதிக்கத் தொடங்குகிறது. கம்பி கிரில்லும் கொசுவலையும் காவலுக்குப் போதும். கூரை வேண்டுமென்றே தோன்றினால் அதைச் சுவருக்கு மேல் ஓரடி இரண்டடி உயர்த்தி, பக்கங்களைத் திறந்து விட்டால் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும். அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப முன்புற, பின்புற ஜன்னல்கள் வழியாகப் புதிய காற்று உள்ளே வரும். திறந்தே விடுபவர்கள், முற்றத்தின் தரையைக் கூடத்தைவிட அரை அடி தாழ்த்தி, விரைவாக நீர் வடியும் அகலமான குழாயை மழைநீர்த் தொட்டிக்கு இணைத்தல் வேண்டும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் என்பதால், இந்தச் சிறு திறப்பின் வழியே மட்டும் ஆண்டுக்கு 6,000 லிட்டர் அளவுக்கு நீர் கிடைக்கும்.

சிறிய மனையில் வெற்றிடத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவ் ஆண்டோ ஒசாகா நகரின் சுமியோஷி பகுதியில் 1976இல் கட்டி முடித்த வரிசை வீடு ஒன்று உலகறிந்த சான்று. அதன் மனை ஏறக்குறைய 57 சதுர மீட்டர், அதாவது அரை கிரவுண்டில் பாதிதான். தெருப்பக்கம் ஜன்னலே இல்லாத அந்தக் கான்கிரீட் வீட்டை நீளவாக்கில் மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதி முழுவதையும் அவர் வானத்துக்குத் திறந்து விட்டார்; வீட்டின் ஒளி முழுவதும் அங்கிருந்தே வருகிறது. ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குச் செல்ல மழையிலும் அந்த வெளியைக் கடந்தாக வேண்டும். முதியவர்களும் குழந்தைகளும் இருக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு அந்தக் கண்டிப்பு ஒத்துவராது. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இறக்கிய தமிழ்நாட்டு வழக்கமே இங்கு மேலானது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958 தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல், கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அமைத்துக்கொண்ட தம் இல்லத்தில், ஆங்காங்கே விட்ட சிறுசிறு ஒளிமுற்றங்கள் வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் இந்த வழி எவ்வளவு இதமாகப் பொருந்துகிறது என்பதைக் காட்டுகின்றன.

முற்றத்துக்கு அடுத்தபடியாக ஜன்னல். வெப்பமும் ஈரமும் உள்ள பகுதிகளில் ஓர் அறையின் திறப்புகள் அதன் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடித் திறப்பு வேண்டும் என்பது இதன் பொருள். ஜன்னலின் அகலத்தைவிட உயரம் முக்கியமானது. தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு வரை உள்ள உயரத்தைப் போல இரண்டு அல்லது இரண்டரை மடங்குத் தூரம் வரையில்தான் பயன்படும் வெளிச்சம் அறைக்குள் செல்லும் என்பது கட்டடக் கலையில் வழங்கும் பொதுக்கணக்கு. லிண்டல் என்னும் ஜன்னல்மேல் விட்டத்தை வழக்கமாக 7 அடியில் போடும்போது ஏறத்தாழ 14 அடியோடு தளர்ந்துவிடும் வெளிச்சம், அதை 9 அடிக்கு உயர்த்தினால் 18 அடி வரை எட்டும். ஜன்னலைச் சுவரின் நடுவே வைக்காமல் பக்கச் சுவரை ஒட்டி வைத்தால், அச்சுவரின் வெண்மையும் ஒளியைப் பரப்பும்.

எந்தத் திசையில் எந்த ஜன்னல் என்பதும் கணக்கிட்டு அறியக்கூடியதே. தெற்குச் சுவரில் 2 அடி நீட்டிய சன்ஷேடு, மார்ச் மாத உச்சி வெயிலில் எட்டரை அடிக்கும், வெயில் இதமாக இருக்கும் டிசம்பரில் இரண்டரை அடிக்கும் சற்று மேலாக நிழல் தருகிறது. ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நடுப்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்பதால், வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு தேவைப்படுகிறது. மேற்குச் சுவர் வேறு வகை. சாய்ந்து வரும் மாலை வெயிலைச் சன்ஷேடு தடுக்காது. ஆகவே குளியலறை, படிக்கட்டு, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை அந்தப் பக்கம் தள்ளுவதும், திறப்பு தேவையானால் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய செங்கல் ஜாலியை, அதாவது இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்சுவரை, எழுப்புவதும் தக்கவை.

வெளிச்சம் இருந்துவிட்டால் மட்டும் வீடு அமைதியாகிவிடாது. இருண்ட சுவரின் நடுவே பளீரென்று தெரியும் ஒற்றை ஜன்னல் கண்ணைக் களைப்படையச் செய்யும். இரண்டு பக்கத்திலிருந்து வரும் மிதமான வெளிச்சமே கண்ணுக்கு ஆறுதல். அறுபது வயதைக் கடந்தவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதால், செய்தித்தாள் படிக்கவும் அரிசியில் கல் பொறுக்கவும் தாத்தாவும் பாட்டியும் உட்காரும் இடமே வீட்டில் மிக வெளிச்சமான இடமாக இருத்தல் வேண்டும். முற்றத்தை ஒட்டிய இரண்டடி அகலத் திண்ணை அதற்குப் போதுமானது. அதன் அடியில் செருப்பும் பழைய பாத்திரமும் வைக்கக் கதவு போட்டுவிட்டால் கூடத்தின் நெரிசலும் குறையும்.

வீடு கட்ட இருப்போர் பொறியாளரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுதல் நலம். அறைகளின் நீள அகலத்தைக் காட்டும் தரைப்படத்தை எல்லோரும் ஆர்வத்தோடு பார்க்கிறார்கள். வீட்டை மேலிருந்து கீழாக வெட்டினாற்போல் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தைப் புரட்டிப் பார்ப்பவர் குறைவு. ஆகாயத்திலிருந்து கூடத்தின் தரை வரை வெளிச்சம் இறங்கி வர வழி இருக்கிறதா, பக்கத்து வீடு நாளை இன்னொரு மாடி எழுப்பினாலும் அந்த வழி அடைபடாமல் இருக்குமா என்பதை அந்தப் படத்தில்தான் காண முடியும். அதைப் பார்த்துத் தெளிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். தூண் எழும்பிய பின் முற்றத்துக்கு இடம் தேடுவது இயலாது.