ஒரே ஆளுநர், இரு நெருக்கடிகள்

புதுதில்லி: மத்திய நிதித்துறைச் செயலராக இருந்த டி. சுப்பாராவ், ரிசர்வ் வங்கி ஆளுநராக 2008 செப்டம்பர் 5-ம் தேதி பொறுப்பேற்றார். பத்தே நாள்களில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலானது. பணப்புழக்கம் வற்றாதிருக்க, 9 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை 2009 ஏப்ரலுக்குள் 4.75 சதவீதமாகக் குறைத்தார்.

பின்னர் பணவீக்கம் தலைதூக்கியது. 2010 மார்ச் முதல் 2011 அக்டோபர் வரை 13 முறை வட்டியை உயர்த்தினார். தொழில்துறையினர் அதிருப்தியடைந்தனர்.

2013-ல் அந்நிய முதலீடு வெளியேறி ரூபாய் சரிந்தது. ஜூலையில் வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதமாக உயர்த்தினார். ஆயினும், ஆகஸ்ட் 28-ல் டாலரின் மதிப்பு 68 ரூபாயைத் தாண்டியது. அடுத்த வாரமே அவரது பதவிக்காலம் முடிந்தது.

நெருக்கடியில் வட்டியைக் குறைப்பவருக்குக் கிடைக்கும் பாராட்டு, உயர்த்துபவருக்குக் கிடைப்பதில்லை. சுப்பாராவ் இரண்டையும் செய்ய நேர்ந்தது.