மறுபடியும் முதலிலிருந்தா?

சாதகம் – தொடர் கட்டுரை: 6

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் பெங்களூரின் பொம்மனஹள்ளியில் குறுக்குத் தெருக்களில் நடந்தால், ஓசூர் ரோட்டின் ஹாரன் சத்தத்தையும் மீறிப் பாட்டு கேட்கும். ஒரு மாடியில் வயலின். எதிர் மாடியில் கிரேடு பரீட்சைக்காக கீபோர்டு. பக்கத்துச் சந்தில் ஏதோ ஒரு பிள்ளை மோகன வர்ணம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். இங்கே யாருடைய சாதகமும் ரகசியம் இல்லை.

கொஞ்ச நாள் காது கொடுத்தால் ஒன்று பிடிபடும். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்காரின் ‘நின்னுகோரி’ என்ற அந்த மோகன வர்ணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் பல்லவி பிரமாதமாக இருக்கும். அனுபல்லவி பரவாயில்லை. முக்தாயி ஸ்வரத்தில் லேசாக மூச்சு வாங்கும். சரணத்துக்குப் போய் எத்துகட ஸ்வரங்கள் வரும்போது தாளம் ஓட ஆரம்பிக்கும். ஓரிடத்தில் அறுந்து நிற்கும். ஒரு கணம் அமைதி. அப்புறம்? மறுபடியும் பல்லவி.

இதன் கணக்கைப் பாருங்கள். நன்றாக வரும் பல்லவிக்கு ஒரு மாலையில் இருபது தடவை பயிற்சி. வராத மூன்றாவது ஸ்வரத்துக்கு இரண்டு தடவை; அந்த இரண்டும் தப்பாகவே. ‘ஒரு மணி நேரம் சாதகம் பண்ணினேன்’ என்று அந்தப் பிள்ளை சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் ஏற்கெனவே தெரிந்ததற்குப் போயிற்று.

பொம்மனஹள்ளியைச் சுற்றி இருக்கும் கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளில் செக்கிங் மேஜைக்கு வரும் சட்டையில் ஒரு தையல் கோணல் என்றால், அந்த இடத்தில் அடையாளம் வைத்து, அந்தத் தையலை மட்டும் பிரித்துத் திரும்பத் தைப்பார்கள். காலரிலிருந்து முழுச் சட்டையையும் யாரும் மறுபடி தைப்பதில்லை. பாட்டில் மட்டும் நாம் தினமும் அதைத்தான் செய்கிறோம்.

பதினேழு பியானோ மாணவர்கள்

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு அது. நன்கு தேர்ந்த 17 பியானோ மாணவர்களிடம் ஷோஸ்டகோவிச்சின் கான்செர்ட்டோ ஒன்றிலிருந்து கஷ்டமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்தார்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயிற்சி செய்யலாம். திருப்தியானதும் எழுந்து போகலாம். மறுநாள் வந்து, பயிற்சி இல்லாமல், அதே பகுதியை 15 தடவை வாசிக்க வேண்டும். வாசித்த தரத்தை வைத்து 17 பேரையும் வரிசைப்படுத்தினார்கள்.

யார் அதிக நேரம் உட்கார்ந்தார்கள் என்பதற்கும் இந்த வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை தடவை வாசித்தார்கள் என்பதற்கும் இல்லை. முதல் மூன்று இடங்களைப் பிடித்தவர்களும் ஆரம்பத்தில் மற்றவர்களைப் போலத் தப்பு செய்தவர்கள்தாம். வித்தியாசம் அதற்குப் பிறகு. தப்பு வந்ததும் அது சரியாக எந்த இடத்தில், எதனால் வருகிறது என்று பார்த்தார்கள். அங்கே வேகத்தைக் குறைத்தார்கள். சரியாக வரும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதனால் அதே தப்பு அவர்களிடம் திரும்பத் திரும்ப வரவில்லை. மற்றவர்கள் தப்பின் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கைக்கும் தொண்டைக்கும் நல்லது கெட்டது தெரியாது. எதை அதிகம் செய்கிறோமோ அது படிந்துவிடும். பத்து தடவை தப்பாகப் பாடிவிட்டுப் பதினோராவது தடவை சரியாக வந்ததும், ‘அப்பாடா, வந்துவிட்டது’ என்று சுருதிப் பெட்டியை அணைப்பவர் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தப்பைத்தான் சாதகம் செய்திருக்கிறார். சரியாக வந்த பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்க வேண்டும்.

சரளி வரிசை என்ன செய்கிறது?

இது டெக்சாஸிலிருந்து வந்து நாம் கற்க வேண்டிய செய்தி இல்லை. கர்நாடக மண்ணின் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் ஆரம்பப் பாடங்களின் அமைப்பைப் பாருங்கள். சரளி வரிசையில் ஸ்வரம் தன் இடத்தில் நிற்கிறதா என்பது ஒன்றே கவலை. ஜண்டை வரிசையில் இரட்டை ஸ்வரத்தின் அழுத்தம். தாட்டு வரிசையில் தாண்டிப் போவது. அலங்காரத்தில் ஏழு தாளங்களின் கணக்கு. ஒவ்வொரு வரிசையும் ஒரு கஷ்டத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, மூன்று காலங்களில் பழக்குகிறது. வர்ணத்தில் இவை எல்லாம் ஒன்றாக மோதும்போது எது உடைகிறதோ, அதற்கான வரிசைக்குத் திரும்பிப் போகலாம்.

நாம் என்ன செய்கிறோம்? கீதம் வந்ததும் சரளிக்கு விடை கொடுத்துவிடுகிறோம். இங்கே ஜூனியர், சீனியர், வித்வத் என்று மாநிலப் பரீட்சைகள் இருப்பதால், வரிசைகள் முடித்துத் தாண்டவேண்டிய பாடங்களாகிவிடுகின்றன. ஆனால் மேடையில் பெரியவர்கள் எதை வைத்துத் தொடங்குகிறார்கள்? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் முதலில் வருவது வர்ணம். குரலையும் தாளத்தையும் சீர்செய்துகொள்ளும் உருப்படி அது. சாதகத்தின் ஒரு பகுதியைச் சபையின் முன்னாலேயே செய்கிறார்கள்.

இப்போது அந்த மோகன வர்ணத்தை வயலினில் வாசிக்கும் பிள்ளையின் பிரச்சினைக்கு வருவோம். மோகனத்தில் மத்யமம் கிடையாது; காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவ வேண்டும். நம் சுருதி சேர்ப்பில் காந்தாரம் ஸட்ஜத் தந்தியில் விரலில் இருக்கிறது. பஞ்சமம் அடுத்த தந்தியில். வில் ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நொடியில்தான் கீறல் விழுகிறது. அப்படியென்றால் இங்கே பிரச்சினை ஸ்வர ஞானமும் இல்லை, தாளமும் இல்லை. வில். ‘க ப’ என்ற இரண்டே ஸ்வரங்களை, வில்லின் கோணத்தைக் கவனித்து, பொறுமையாக வாசித்தால் சில நிமிடங்களில் தெளியும். பிறகு முன்னால் ஒரு ஸ்வரம், பின்னால் ஒரு ஸ்வரம் சேர்த்து விரிக்க வேண்டும். இந்தச் சேர்க்கையை விட்டுவிட்டால் துண்டு சரியாக வரும், முழு வரியில் வைத்ததும் மறுபடி உடையும்.

மெதுவாக வாசிப்பதில் நம் சங்கீதத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மெட்ரோனோம் வைத்துப் பாதி வேகத்தில் பியானோ வாசிப்பதைப் போல இங்கே முடியாது. காலம் குறைந்தால் கமகம் விரியும். இரண்டாம் காலத்தில் அதே கமகம் சுருங்கும். தோடி காந்தாரத்தைப் பாதி வேகத்தில் பாடினால் அது வேறொரு பாட்டாகிவிடும். அதனால் கமகம் கெடாத அளவுக்கு மட்டும் வேகத்தைக் குறையுங்கள். எவ்வளவு குறைக்கலாம் என்பதை வாத்தியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பில் அவரிடம் கேட்கவேண்டிய நல்ல கேள்விகளில் இதுவும் ஒன்று.

சுருதிப் பெட்டி ஒலிக்கிறது, காது?

மின்னணுத் தம்புராவுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு. பொறியாளரும் புல்லாங்குழல் வாசிப்பவருமான ஜி. ராஜ் நாராயண் பெங்களூரில் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் மூலம்தான் அது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் வந்தது. இன்று அதே வேலையை மொபைல் ஆப் செய்கிறது. தம்புரா வைக்க இடமில்லாத பி.ஜி. அறையிலும் சுருதி கிடைக்கிறது. பெரிய வரம்தான்.

ஆனால் இதில் ஒன்றை இழந்தோம். தம்புராவை மீட்டுபவர் முதலில் அதைச் சேர்க்க வேண்டும். பிருடையைத் திருப்பி, மணியை நகர்த்தி, நாலு தந்தியும் ஒன்றும் நேரம் முழுக்கக் காதுக்கு வேலை. பாட ஆரம்பிக்கும் முன்பே காது விழித்துவிடும். பட்டனைத் தட்டினால் வரும் சுருதி அந்த வேலையைக் கேட்பதில்லை. மின்விசிறிச் சத்தத்தோடு அதுவும் பின்னணியாகிவிடுகிறது. அதனால் பெட்டியைப் போட்டதும் இரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் கேளுங்கள். பிறகு ஸட்ஜம், பஞ்சமம், மேல் ஸட்ஜம் மட்டும் அகாரத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அதே மொபைலில் இன்னொரு உபகாரமும் இருக்கிறது: பதிவு. பாடும்போது நாம் கேட்பது பாதி நம் ஆசையை. மறுநாள் காலையில் பதிவைக் கேட்டால் தாளம் எங்கே ஓடியது, எந்த மேல் ஸ்தாயி ஸ்வரம் கீழே தொங்கியது என்பது பளிச்சென்று தெரியும். கேட்கும்போது கையில் நொட்டேஷன் வைத்துக்கொண்டு, இடறிய இடங்களைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அன்றைய சாதகத்தின் பாடத்திட்டம் அந்த வட்டங்கள்தாம்.

நேரத்துக்கு எங்கே போவது?

பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் மேதை ஆகலாம் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது 2008-இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகத்தால். அதன் மூலம், ஆண்டர்ஸ் எரிக்ஸனும் இரண்டு சக ஆய்வாளர்களும் மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு. பத்தாயிரம் என்பது ஒரு சராசரிதான். அதை ஒரு விதியாக்கியதை எரிக்ஸனே ஏற்கவில்லை. அந்த ஆய்வில் நமக்குப் பயன்படும் செய்திகள் வேறு. சிறந்த மாணவர்கள் தனியாக, முழுக் கவனத்தோடு பயிற்சி செய்தார்கள். பெரும்பாலும் காலை வேளையில். இடையிடையே ஓய்வு எடுத்தார்கள். மற்றவர்களை விட அதிகம் தூங்கினார்கள்.

பயிற்சியே எல்லாம் என்றும் சொல்ல முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த மெக்நமாரா குழுவின் பகுப்பாய்வில், இசையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தைத்தான் இத்தகைய பயிற்சியால் விளக்க முடிந்தது. மீதியில் தொடங்கிய வயது, குரல்வாகு, வாத்தியார், வீட்டுச் சூழல் என்று எது எதுவோ இருக்கலாம். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு மணிக் கணக்கை ஒப்பிடுவது ஏன் வீண் என்பதற்கு இதுவே போதும்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, சில்க் போர்டு நெரிசல், வீட்டுக்கு வந்தால் எட்டு மணி என்று இருப்பவருக்கு இருபது நிமிடம் கிடைத்தாலே பெரிது. இருபது நிமிடத்தில் ஒரே வரியை அரைத்துக்கொண்டிருப்பதை விட, மூன்று சிக்கல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம் என்று மாற்றி மாற்றி வருவது நல்லது. கனடாவில் கிளாரினெட் வாசிப்பவர்களை வைத்து கார்ட்டரும் கிரானும் 2016-இல் வெளியிட்ட சிறு ஆய்வில், ஒன்றையே தொடர்ந்து பழகியதை விட மூன்று மூன்று நிமிடமாக மாற்றிப் பழகியதே பொதுவாக மேலான பலன் தந்தது. பழகும்போது இது எரிச்சலாக இருக்கும். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரமம்தான் மறுநாள் கைகொடுக்கிறது.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கியதும் பொம்மனஹள்ளிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அந்தப் பயணத்தையும் சாதகமாக்கலாம். வாயைத் திறக்காமல் மனசுக்குள் வர்ணம், தொடையில் தாளம். மிருதங்கக்காரர்களுக்கு இது புதிதல்ல. கை வாசிக்கும் முன் வாய் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர்களுடைய பாடமுறை. 1995-இல் வெளியான பாஸ்குவல்-லியோனியின் ஆய்வில், ஐந்து நாள் மனசுக்குள் மட்டும் பியானோ பழகியவர்கள், அதன் பிறகு ஒரே ஒரு அமர்வு கையால் வாசித்ததும் ஐந்து நாளும் கையால் பழகியவர்கள் அளவுக்கு வந்துவிட்டார்கள். மனசுக்குள் எங்கே மங்குகிறதோ, அங்கே உங்களுக்குப் பாடமே ஆகவில்லை என்று அர்த்தம்.

அக்கம்பக்கம் கேட்குமே!

வராத இடத்தை விட்டு ஓடுவதற்குச் சோம்பல் முக்கியக் காரணம் இல்லை. கூச்சம். மெல்லிய சுவருக்கு அப்பால் ஆள் இருக்கிறார். கூடத்தில் அம்மா இருக்கிறார். நன்றாக வரும் பல்லவியைப் பாடினால் ‘பேஷ்’ கிடைக்கும். ‘க ப, க ப’ என்று பத்து நிமிடம் அறுத்தால் யார் பாராட்டுவார்கள்? ஆக, சாதகம் தினமும் ஒரு குட்டிக் கச்சேரியாகிவிடுகிறது. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ‘இன்னிக்கு எத்தனை மணி நேரம் பாடினே?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னிக்கு எந்த இடம் சரியாச்சு?’ என்று கேளுங்கள்.

செம்மங்குடி ஸ்ரீனிவாச ஐயருக்கு இயற்கையில் அமைந்தது வழுக்கிக்கொண்டு போகும் குரல் இல்லை. கரகரத்த அந்தக் குரலை உழைப்பால் வசப்படுத்தித்தான் 1947-இல் சங்கீத கலாநிதி ஆனார். மாண்டலின் ஸ்ரீனிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர்; அவர் பாடுவார், சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். மேதை என்று நாம் கொண்டாடியவரும் ஒவ்வொரு பிடிக்கும் தேடல், தவறல், திருத்தல் என்ற வழியாகத்தான் வந்தார். இந்த ஊரிலேயே வாழ்ந்த ஆர்.கே. ஸ்ரீகண்டன் தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் பாடினார். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

இந்த வாரச் சாதகம்

இருபது நிமிடம் போதும். முதல் நான்கு நிமிடம் சுருதி கேட்டு, அகாரம். அடுத்த பன்னிரண்டு நிமிடம், நேற்றைய பதிவில் வட்டமிட்ட மூன்று இடங்கள், மாற்றி மாற்றி. ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு கேள்வி: இது ஸ்வரமா, மூச்சா, விரலா, தாளமா? கடைசி நான்கு நிமிடம், நிறுத்தாமல் ஒரு முறை முழுசாகப் பாடிப் பதிவு செய்யுங்கள். நடுவில் எது உடைந்தாலும் தாளத்தை விடாமல் மேலே போங்கள். வாரம் முழுக்க ஒரே ஒரு விலக்கு: அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் பல்லவியிலிருந்து தொடங்கக் கூடாது. கடைசி எத்துகட ஸ்வரத்தில் தொடங்கிப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். நான்காவது நாளே சரணம் உங்கள் வர்ணத்தின் பலமான பகுதியாக மாறத் தொடங்கியிருக்கும்.

அடுத்த வாரம்: வீட்டில் பத்துக்குப் பத்து வந்த சங்கதி மேடையில் ஏன் காலை வாருகிறது?