வர்ணத்துக்குள் ஒளிந்த துரு

கடற்கரையை அடுத்த பேட்டையில் வசிக்கும் என் நண்பர் ஒருவரிடம் 1974-ம் வருஷத்து அம்பாஸடர் மோட்டார் ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் வாங்கியது. மகள் கல்யாணத்தை முன்னிட்டு நண்பர் அதற்குப் புது வர்ணம் அடித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு வண்டியைத்தான் பார்த்தார்கள்.

ஆறு மாதம் கழித்து, பின் கதவுக்குக் கீழே மிளகளவு கொப்புளம் ஒன்று தோன்றியது. "கொஞ்சம் வர்ணம் தொட்டால் போயிற்று" என்றார் நண்பர். நானும் ஆமோதித்தேன். நாங்கள் எவ்வளவு பெரிய அசடுகள் என்பது வேறொரு பட்டறைக்குப் போனபின்தான் தெரிந்தது. அங்கே டிங்கர் வேலை செய்யும் பெரியவர், திருப்புளியின் முனையைக் கொப்புளத்தின் மேல் வைத்து மெல்ல அழுத்தினார். அது பிடி வரையில் உள்ளே போய்விட்டது! உள்ளேயிருந்து ஈரச் சேறும் பழுப்பு நிறச் செதில்களும் உதிர்ந்தன.

"ஐயா, இது வெளியிலிருந்து உள்ளே போன துரு அல்ல, உள்ளேயிருந்து வெளியே வந்த துரு" என்றார் அவர்.

விஷயம் இதுதான். இரும்பும் நீரும் பிராணவாயுவும் சேர்ந்தால் துரு பிறக்கிறது. கடற்காற்றிலுள்ள உப்பு அதைத் துரிதப்படுத்துகிறது. கதவின் அடிப்பாகம், சக்கரத்தின் மேல்வளைவு, கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் ரன்னிங் போர்டு ஆகியவை இரட்டைத் தகட்டால் ஆனவை. கண்ணாடி ரப்பரின் இடுக்கு வழியாக மழைநீர் உள்ளே இறங்குகிறது. அது வடிவதற்கென்று வைத்த துவாரங்களைச் சேறு அடைத்துவிட்டால், நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளும். ஆகையால் வர்ணத்தை உள்ளேயிருந்து தள்ளுகிறது. நாம் கொப்புளத்தைக் காணும்போது தகடு ஏற்கெனவே ஓட்டையாகியிருக்கும்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 2014 வரையில் தயாரித்த வண்டி அம்பாஸடர். அதற்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தகட்டுக் கூண்டே பாரத்தைத் தாங்குகிறது. எனவே ரன்னிங் போர்டு இற்றுப் போவது அழகுக்கு மட்டும் வந்த குறை அல்ல. விபத்து நேர்ந்தால், உள்ளே இருப்பவர்களின் உயிரைக் காக்கவேண்டிய எலும்பே முறிந்து கிடக்கிறது என்று பொருள்.

பெரியவர் ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி வண்டியெங்கும் வைத்துப் பார்த்தார். நல்ல தகட்டில் அது ஒட்டிக் கொண்டது. மூன்று இடங்களில் நழுவி விழுந்தது. கல்யாணத்துக்கு வர்ணம் அடித்தவர்கள் ஓட்டைகளைப் பட்டியால் பூசி மறைத்திருந்தார்கள். தப்பாகப் போட்ட கணக்கின் கீழே முத்து முத்தான எழுத்தில் விடை எழுதும் மாணவர்களை நான் அறிவேன். அதே சாமர்த்தியந்தான். பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் மறைவில் துரு நிம்மதியாக வளரும்.

அந்தச் சமயத்தில் தரகர் ஒருவர் வந்து, வண்டியை உள்ளபடியே நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகச் சொன்னார். வாங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. செலவுக் கணக்கைக் கேட்டுக் கலங்கியிருந்த நண்பர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "யாரோ ஒருவருடைய குழந்தை இதில் உட்காரும் அல்லவா?" என்று சொல்லி, வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டார்.

வேலை நடந்த விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் பாட்டரியைக் கழற்றினார்கள். தீப்பிடிக்கக் கூடிய விரிப்புகளையும் பெட்ரோல் தொட்டியையும் அப்புறப்படுத்தினார்கள். வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கழியைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார்கள். இல்லாவிட்டால், வெட்டியவுடன் கூண்டு தொய்ந்து, பிறகு கதவு பொருந்தாது. இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் வெட்டவும் இல்லை. பளிச்சென்ற நல்ல இரும்பு தெரியும் வரையில் துருவை வெட்டி எறிந்தார்கள். அதே கனமுள்ள தகட்டை வளைத்துப் பொருத்தி, கதவை மூடித் திறந்து சரிபார்த்த பிறகே வெல்டிங் தொடங்கியது. அதையும் ஒரே ஓட்டமாகச் செய்யவில்லை. இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக, சூடு ஆற அவகாசம் கொடுத்து வைத்தார்கள். அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும். பின்னர் துருத்தடுப்புப் பூச்சு, இணைப்புகளுக்கு அடைப்புப் பசை, மேலே வர்ணம். கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத உட்புறத்தில் மெழுகுப் பூச்சைப் பீய்ச்சினார்கள்.

வண்டியை ஒப்படைக்கும்போது பெரியவர் ஒரு மெல்லிய கம்பியையும் கொடுத்தார். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் நண்பர் இப்பொழுது தரையில் படுத்துக்கொண்டு, அந்தக் கம்பியால் வடிகால் துவாரங்களைக் குத்திச் சுத்தம் செய்கிறார். வர்ணம் பழையபடிதான் பளபளக்கிறது. ஆனால் அவர் இப்பொழுது அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.