கூமாபட்டி கிராமமா, நகரமா? பிளவக்கல் அணையடியில் ஒரு மக்கள்தொகைக் குழப்பம்

2025 ஜூனில் இன்ஸ்டாகிராமைத் திறந்த எல்லாருக்கும் கூமாபட்டி என்ற பெயர் தெரிந்துவிட்டது. தண்ணீர், தென்னந்தோப்பு, பின்னால் மலை. ரீல்ஸைப் பார்த்த பலர் பைக்கை எடுத்துக்கொண்டு பிளவக்கல் அணைக்கே கிளம்பிவிட்டார்கள். 'அழகான கிராமம்' என்றுதான் ஊரே பேசியது. ஆனால் அரசாங்கக் கணக்கில் கூமாபட்டி கிராமம் கிடையாது. அது எஸ்.கொடிக்குளம் பேரூராட்சிக்குள் வருகிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'நகர்ப்புறம்' என்ற கட்டத்தில் வரும் ஊர். எந்தக் கட்டத்தில் வந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயமே இருக்கு.

பிளவக்கல் எங்கே இருக்கு?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இங்கே அணை ஒன்றல்ல, இரண்டு. 47 அடி உயர பெரியாறு அணை, 42 அடி உயர கோவிலாறு அணை. இந்தப் பெரியாறு வேற, முல்லைப் பெரியாறு வேற. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போது பெரும்பாலும் வற்றிப்போய்விடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் அணைகளை நிரப்பும். தண்ணீர் திறந்துவிட்டால் வத்திராயிருப்பு வட்டாரத்துக் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பும். அர்ச்சுனா நதி வழியாகப் போகும் தண்ணீர், இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்ந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது.

அதனால்தான் ஒரே மாவட்டத்துக்கு இரண்டு முகம். மேற்கே நெல், தென்னை, மாந்தோப்பு. கிழக்கே போகப் போக கரிசல், பருத்தி, மானாவாரி. மழை குறைந்த அந்தக் காய்ந்த பூமிதான் சிவகாசியில் பட்டாசுத் தொழிலுக்கு வசதியாகிப்போனது.

மலைப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ல் மேகமலையோடு சேர்த்து, இந்தியாவின் 51-வது புலிகள் காப்பகமும் ஆனது. தாணிப்பாறை, அத்திகோவில், செண்பகத்தோப்பு போன்ற அடிவாரப் பகுதிகளில் பளியர் பழங்குடியினர் வாழ்கிறார்கள்.

எத்தனை பேர் இருக்காங்க?

2011 கணக்கெடுப்புப்படி விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,42,288. பத்து வருஷத்தில் சுமார் 11 சதவீதம்தான் கூடியிருந்தது. தமிழகம் முழுக்க அது 15.6 சதவீதம். 1,000 ஆண்களுக்கு 1,007 பெண்கள். பெரிய ஊர் எது தெரியுமா? தலைநகரான விருதுநகர் இல்லை, 1.3 லட்சம் பேர் வாழ்ந்த ராஜபாளையம். மாவட்டத்தில் பாதிப் பேர் நகர்ப்புறவாசிகள் என்றது அதே கணக்கு.

அந்தப் 'பாதி'யைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். ஒரு ஊர் நகரமாகக் கணக்கில் வர இந்தியாவில் இரண்டு வழி. 5,000 பேருக்கு மேல் மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேருக்கு விவசாயம் அல்லாத வேலை என்ற மூன்றும் இருந்தால் அது 'கணக்கெடுப்பு நகரம்'. இன்னொரு வழி ரொம்பச் சுலபம். மாநில அரசு அந்த ஊரைப் பேரூராட்சி என்றோ நகராட்சி என்றோ அறிவித்திருந்தாலே போதும். அங்கே எத்தனை பேர் வயலில் இறங்குகிறார்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். வத்திராயிருப்பு, எஸ்.கொடிக்குளம், சுந்தரபாண்டியம், மம்சாபுரம் எல்லாம் இப்படி நகரமான ஊர்கள்.

இதுல என்ன சிக்கல்?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்காகவே எழுதப்பட்டது. ஒரே கண்மாய்த் தண்ணீரில் விளையும் இரண்டு வயல்களை நினைத்துப் பாருங்கள். நடவுக்கு வரும் இரண்டு பெண்களில் ஒருவர் ஊராட்சிக்காரர், இன்னொருவர் பேரூராட்சிக்காரர். வேலை, கூலி, வெயில் எல்லாம் ஒன்றுதான். நடவு இல்லாத மாதங்களில் அந்தச் சட்டப்படி முதலாமவருக்கு வேலை அட்டை இருந்தது, இரண்டாமவருக்கு இல்லை. ஒரு பேரூராட்சியைப் பக்கத்து நகராட்சியோடோ, ஓர் ஊராட்சியைப் பேரூராட்சியோடோ இணைக்கப்போவதாகச் செய்தி வந்தாலே மக்கள் மனு கொடுக்கக் கிளம்புவது இதனால்தான். வரி கூடும் என்ற பயம் அதோடு சேர்ந்தது.

தமிழகத்துக்கு இந்தக் குழப்பம் புதுசும் இல்லை. 2004-ல் 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை 'சிறப்பு கிராம ஊராட்சிகள்' என்று மாற்றினார்கள். கிராம வளர்ச்சிக்கான மத்திய நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006-ல் ஆட்சி மாறியதும் அவை மறுபடியும் பேரூராட்சிகள் ஆகிவிட்டன. மண், மழை, மக்கள் எதுவும் மாறவில்லை. பெயர்ப்பலகைதான் இரண்டு முறை மாறியது.

அமெரிக்காவில் எப்படி?

அங்கே மாவட்டத்துக்குச் சமமானது 'கவுண்டி'. 3,000-க்கும் மேல் இருக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் லவ்விங் கவுண்டியில் 2020 கணக்குப்படி வெறும் 64 பேர். பரப்பளவோ விருதுநகர் மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! அந்த நாட்டுக் கணக்கெடுப்புத் துறை, உள்ளாட்சிக்கு என்ன பெயர் என்று பார்ப்பதில்லை. வீடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்க்கிறது. 2020 கணக்கில் நகரம் ஆக 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் வேண்டும் என்று அளவை உயர்த்தியதால், பல சிற்றூர்கள் ஒரே நாளில் கிராமப்புறம் ஆகிவிட்டன. பெயரை மட்டும் நம்பாத முறை என்ற அளவில் இது நம்முடையதைவிட மேல்.

அடுத்து என்ன?

இந்தியாவின் அடுத்த கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. அதற்காக ஊர் எல்லைகளை 2025 டிசம்பர் 31-ல் இருந்தபடியே நிறுத்திவைக்க உத்தரவு. அதனால் கூமாபட்டிவாசிகள் இந்த முறையும் நகரத்துக்காரர்களாகத்தான் எண்ணப்படுவார்கள். விருதுநகர் மாவட்டத்தில் இருந்தாலும் அவர்கள் ஓட்டுப்போடும் மக்களவைத் தொகுதி தென்காசி. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் அந்தப் பக்கம் வருபவை.