பொக்கை வாய்க்கு இரண்டு 'ஸ்க்ரூ' போதுமாம்... சித்தேரி பாட்டிக்கு அது எட்டுமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மலையில் பல் போனால் சொல்லுக்கு முன்பே சோறு போய்விடும்.

தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்து, கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது சித்தேரி. சுற்றிலும் 60-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள். பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர் வாழும் ஊர்கள். சாமையும் கேழ்வரகும் விளையும் மண். இங்கே ஒரு பாட்டிக்குப் பல் எல்லாம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். களியை உருட்டி விழுங்கிவிடலாம், கூழைக் குடித்துவிடலாம். ஆனால் நிலக்கடலை, கறி, காய், பழம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து காணாமல்போகும். உடம்புக்குச் சத்து தேவைப்படும் வயதில் சாப்பாடு சுருங்கிவிடும்.

'வயசானா பல் விழத்தானே செய்யும்' என்று வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உண்மையில் பல்லை விழவைப்பது வயது அல்ல. கவனிக்காமல் விட்ட சொத்தையும் ஈறு நோயும்தான் முக்கியக் காரணங்கள். புகையிலைப் பழக்கம் ஈறு நோயை இன்னும் மோசமாக்கும். உலகில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 23 சதவிகிதம் பேருக்கு ஒரு பல்கூட இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கிட்டத்தட்ட நாலில் ஒருவர்!

பல்லோடு எலும்பும் கரையும்

பல்லைத் தாங்குவதற்காகவே இருக்கும் எலும்பு, பல் போனதும் மெல்லக் கரையத் தொடங்கும். கன்னம் ஒட்டி, தாடை மூக்கை நோக்கி ஏறி, முகமே மாறிப்போவது இதனால்தான்.

இதை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து எழுதியவர் ஆன்ட்ஜே டால்கிரென் என்ற பெண் ஆய்வாளர். பல் செட் போட்டவர்களின் தாடை எலும்பு எவ்வளவு குறைகிறது என்று அளந்து, 1972-ல் முடிவை வெளியிட்டார். மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில் எலும்பு சுமார் நான்கு மடங்கு அதிகமாகக் கரைந்திருந்தது.

'மேல் செட் நல்லா ஒட்டிக்குது, கீழ் செட்தான் ஆடுது' என்று தாத்தாக்கள் புலம்புவதற்கு விடை இதில் இருக்கிறது. மேல் செட்டுக்கு அண்ணம் முழுக்கப் பிடிமானம் உண்டு. கீழே கிடைப்பது குதிரை லாட வடிவில் ஒரு மெல்லிய மேடு மட்டும். நடுவில் நாக்கு வேறு புரண்டுகொண்டே இருக்கும். எலும்பு கரையக் கரைய, செட் உட்கார இடமே இல்லாமல்போகும்.

முயலின் காலில் தொடங்கிய கதை

இதற்கான தீர்வு ஒரு பல் மருத்துவரிடமிருந்து வரவில்லை. 1952-ல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் இங்வார் பிரானெமார்க், எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறிய கருவி ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து கழற்றப்போனால், அது வரவில்லை. எலும்பு டைட்டானியத்தோடு இறுகப் பிணைந்துவிட்டிருந்தது.

உலோகத்தை உடம்பு தள்ளிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். 1965-ல் கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக டைட்டானிய இம்ப்ளான்ட் பொருத்தப்பட்டது. பிறவியிலேயே தாடைக் குறைபாடு இருந்தவர், கீழ்ப் பற்கள் இல்லாதவர் அவர். 2006-ல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த இம்ப்ளான்ட்கள் அவருக்கு உழைத்தன.

'டிச் பட்டன்' வைத்தியம்

இம்ப்ளான்ட் என்றதும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ஸ்க்ரூ வைத்துத் தாடை முழுக்கத் துளை போடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி அவசியமில்லை. 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் நிபுணர்கள் கூடி ஒரு பொதுக் கருத்துக்கு வந்தார்கள். கீழ்த் தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு, இரண்டு இம்ப்ளான்ட்கள் மேல் உட்காரும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பதே அது.

ரவிக்கையின் டிச் பட்டனை நினைத்துக்கொள்ளுங்கள். தாடையின் முன்பக்கம், வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டு டைட்டானிய ஸ்க்ரூக்கள். செட்டின் அடியில் அதற்கேற்ற குழி. 'டக்' என்று அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். இரவில் கழற்றிக் கழுவி வைக்கலாம். சாதாரண செட் போட்டவர்களின் கடிக்கும் வலு, சொந்தப் பல் உள்ளவர்களைவிட மிகக் குறைவு. செட் ஆடாமல் நின்றாலே மெல்லுவது எளிதாகிவிடும்.

ஒன்றே போதாதா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையும் சோதித்தார்கள். 86 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நடுவில் ஒரே இம்ப்ளான்ட், மற்றொரு குழுவுக்கு இரண்டு. ஓராண்டு கழித்துக் கேட்டபோது, இரு குழுவினரின் திருப்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2009-ல் வெளியான முடிவு இது. ஒரு இம்ப்ளான்டுக்கே தனியார் கிளினிக்குகளில் பல்லாயிரம் ரூபாய் ஆகும் நம் ஊரில், ஒன்றா இரண்டா என்பது சின்ன விஷயமல்ல.

இலவசமாகவே வேண்டாம் என்றவர்கள்

அதே பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னொரு ஆய்வு சுவாரஸ்யமானது. பல் இல்லாத முதியவர்களிடம் 'இலவசமாகவே இம்ப்ளான்ட் வைக்கிறோம்' என்றார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் மறுத்துவிட்டார்கள். ஆபரேஷன் பயம் ஒரு காரணம். 'இருக்கிற செட்டே போதும்' என்ற எண்ணம் இன்னொரு காரணம். அப்பா, அம்மாவுக்கு இம்ப்ளான்ட் வைக்க முடிவெடுக்கும் பிள்ளைகள், முதலில் அவர்களுக்கு அது வேண்டுமா என்று கேட்பது நல்லது.

சித்தேரிக்கு எது சரி?

சாதாரண முழு செட் செய்யவே வழக்கமாக ஐந்து முறை போக வேண்டும். முதல் அளவு, இரண்டாவது அளவு, கடி அளவு, மெழுகில் வைத்துப் பார்ப்பது, கடைசியாக செட்டை வாங்குவது. போட்ட பிறகு எங்காவது உறுத்தினால் ராவிச் சரிசெய்ய இன்னொரு நடை. இம்ப்ளான்ட் என்றால் ஆபரேஷன், எலும்பு பிடிக்க மாதக்கணக்கில் காத்திருப்பு, ஆண்டுதோறும் சோதனை. டிச் பட்டனுக்குள் இருக்கும் வளையம் தேய்ந்தால் மாற்றவும் வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் பாட்டிக்கு ஒவ்வொரு நடையும் பஸ் செலவு. கூட வரும் மகனுக்கோ பேத்திக்கோ ஒரு நாள் கூலி போகும். தமிழக அரசின் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. சித்தேரிக்கு எதுவுமே பக்கமில்லை.

இங்கேதான் இன்னொரு ஆய்வு கைகொடுக்கிறது. மான்ட்ரியலில் 122 பேரிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு எல்லாப் படிகளையும் பின்பற்றிச் செய்த செட். இன்னொரு குழுவுக்குச் சில படிகளைக் குறைத்து எளிய முறையில் செய்த செட். ஆறு மாதம் கழித்தும் இரு குழுவினரின் திருப்தி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நடையைக் குறைத்தும் நல்ல செட் தர முடியும் என்பதற்கு இது ஆதாரம். மலை ஊர்களுக்கு முகாம் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய முடிவு.

பக்கத்து மாநிலங்களிலும் முன்மாதிரி உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு இலவச செட் தர கேரளாவில் 'மந்தஹாசம்', கர்நாடகாவில் 'தந்த பாக்ய' என்ற திட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது, தருமபுரியை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. பொக்கை வாயையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால் பாட்டிகள் வாழ்த்துவார்கள்.

வீட்டில் செட் போட்டவர் இருக்கிறாரா?

* இரவில் கழற்றி, தண்ணீரில் போட்டு வையுங்கள். டோக்கியோவில் 85 வயது தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது.
* தினமும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம், செட் வளைந்துவிடும்.
* லூஸான செட்டைப் பசை போட்டே ஓட்டாதீர்கள். உள்பக்கம் புதிய பூச்சு கொடுத்து இறுக்க முடியும்.
* செட் உறுத்தி வந்த புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புகையிலை போடுபவர்கள் தள்ளிப்போடவே கூடாது.
* இம்ப்ளான்ட் யோசனை இருந்தால், சர்க்கரை அளவு, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.
* வசதி குறைந்தவர்கள் முதலில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவில் விசாரிக்கலாம். பல் மருத்துவக் கல்லூரிகளிலும் தனியார் கிளினிக்குகளைவிடக் கட்டணம் குறைவாக இருக்கும்.

அடுத்த முறை பாட்டி 'எனக்குக் கடலை வேண்டாம்' என்றால், பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மெல்ல முடியவில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.