தைராய்டுச் சுரப்பியும் மகளிர் நலமும்

கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைராய்டுச் சுரப்பி. உணவிலுள்ள அயோடினைக் கொண்டு இது ஆக்கும் ஹார்மோன் உடலின் வளர்சிதை மாற்றத்தை நெறிப்படுத்துகின்றது. இச்சுரப்பியின் கோளாறுகள் ஆடவரைவிட மகளிரிடமே மிகுதி.

தைராய்டு ஹார்மோன் குறையுமாயின், அதனைப் பெருக்க மூளை அனுப்பும் தூண்டுதல் மிகும். அத்தூண்டுதலால் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்னும் பிறிதொரு ஹார்மோனையும் மிகுதியாகச் சுரக்கக்கூடும். அதனால் கருமுட்டை வெளிப்படுதல் தடைப்படலாம். மாதவிடாய் ஒழுங்கு தவறலாம். இவற்றுடன் சோர்வும் குளிர் தாங்காமையும் காணப்படின், வேலைப்பளுவின் விளைவென்று விட்டுவிடாது இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

கருவுற்ற காலத்தில் இதன் இன்றியமையாமை இருமடங்காகும். முதல் மூன்று மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோனே ஆதாரம். வயது வந்தோர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கருவுற்றோர்க்கு 250 மைக்ரோகிராம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது.

இன்று இமாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்ரா பள்ளத்தாக்கில், 1956இல் தொடங்கிய டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினரின் ஆய்வு, அயோடின் கலந்த உப்பு முன்கழுத்துக் கழலையைக் குறைக்கும் என்பதை நிறுவியது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் தோன்றிற்று.

அயோடின் உப்பு, அயோடின் குறைவைத் தடுக்கும். பிற காரணங்களால் நேர்ந்த தைராய்டுக் குறைவிற்குத் தைராக்சின் மாத்திரையே மருந்து. கருவுற்றவுடன் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து மாத்திரைகள் தைராக்சின் உடலிற் சேர்வதைத் தடுக்குமாதலின், இடையே நான்கு மணி நேரம் விடுமாறு பணியாளர்கள் ஒவ்வொரு தாய்க்கும் எடுத்துரைப்பாராக.